விரல் நுனி போன பிறகும் பியானோ சொல்லிக்கொடுத்த சீன டீச்சர்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

கேள்வி: கவுந்தப்பாடி மிஸ்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கவுந்தப்பாடிப் பக்கம் வீட்டிலேயே கீபோர்டு கிளாஸ் எடுக்கிறேன். ஒன்றாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் டிரினிட்டி கிரேடு தேர்வுக்கு, மீதிப் பேர் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ரெண்டு சினிமாப் பாட்டு வாசிக்க. பெரிய வருமானம் இல்லை, ஆனால் என் கைக்காசு.

மாசி மாதத்தில் கிரைண்டர் கல்லைக் கழுவத் தூக்கும்போது கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவில் வலது கை மோதிர விரல் மாட்டிக்கொண்டது. நுனிக் கணுவை எடுக்கவேண்டியதாகிவிட்டது. புண் ஆறிவிட்டது, தோலும் மூடிவிட்டது. ஆனால் அந்த நுனியைக் கட்டையில் வைத்தால் கரண்ட் அடிக்கிற மாதிரி சுரீர் என்கிறது. அதனால் அந்த விரலைத் தூக்கியே வைத்துக்கொண்டு வாசிக்கப் பழகிவிட்டேன். மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்திருக்கிறது.

வலியை விடுங்க, பொறுத்துக்கொள்ளலாம். கிளாஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அம்மா, "மிஸ்ஸுக்குக் கை முழுசா சரியாகட்டும், அதுவரைக்கும் பையனை ஈரோட்டில் சேர்க்கிறோம்" என்று போட்டார்கள். நல்ல மனசோடுதான் போட்டார்கள், தெரியும். முழுசாகச் சரியாவதற்கு விரல் முளைக்கவா போகிறது? அடுத்த வாரமே இன்னும் ரெண்டு பேர் நின்றுவிட்டார்கள். வீட்டுக்காரர், "கீபோர்டை விட்டுட்டு வாய்ப்பாட்டு எடு, ஸ்லோகம் எடு" என்கிறார். எனக்குப் பாட்டு வராது என்பது அவருக்கும் தெரியும்.

இந்தச் சமயத்தில் என்னிடம் படிக்கிற எட்டாவது படிக்கும் பாப்பா, சீனாவில் ஒரு பியானோ டீச்சருக்கும் இப்படி விரல் போய்விட்டதாம், அப்புறமும் மேடை ஏறினாராம் என்று எங்கேயோ பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பேர் கேட்டால் "ஜோ என்னமோ" என்கிறாள். இது நிஜமா, இல்லை ஃபார்வர்டு கதையா? நிஜமென்றால் அந்த அம்மா யார், எப்படிச் சமாளித்தார்? மேடை ஏறினது கூட எனக்கு வேண்டாமுங்க. திரும்பக் கிளாஸ் எடுத்தாரா, அதுதான் தெரியவேண்டும்.

பதில்: திருப்பூர் அப்பா

மிஸ், அந்தச் சீன அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதுங்க. பெற்றவர்கள் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பையன் கீபோர்டு கற்றுக்கொள்கிறான். அவனுடைய மாஸ்டர் எப்படி வாசிப்பார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. வகுப்பு நேரம் முழுக்க அவர் பென்சிலால் நோட்டில் வட்டம் போட்டுக்கொண்டும், பையன் முழங்கையைத் தட்டிக்கொண்டும்தான் உட்கார்ந்திருப்பார். நாங்கள் பார்ப்பது ரெண்டே விஷயம்: பையன் முகம் சுளிக்காமல் கிளாஸுக்குப் போகிறானா, கிரேடு பாஸ் ஆகிறானா. நின்றுபோனவர்கள் விரலைப் பார்த்து நிற்கவில்லை, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததைப் பார்த்துத்தான் நின்றிருப்பார்கள் என்று படுகிறது. என்ன ஆச்சு, எந்த மாதம் கிளாஸ் தொடங்கும், எந்தத் தேர்வுக்கு யாரை அனுப்பப்போகிறீர்கள் என்று குழுவில் நீங்களே ஒருமுறை எழுதிப்போடுங்கள். எங்களுக்கு அது போதும்.

பதில்: பழைய ட்யூனர், கோயமுத்தூர்

அம்மிணி, கதை நிஜம். அவர் பேர் ஜோ குவாங்ரென். பியானோ ட்யூனிங்தான் என் தொழில். இப்போது ஓய்வு மாதிரி, ஆனாலும் குன்னூர், ஊட்டி, ஏற்காடு என்று கூப்பிட்டால் போய்விடுவேன். பியானோ நகர்த்தும் ஆட்களுக்குப் புத்திமதி சொல்லும்போது இந்த அம்மாவைத்தான் உதாரணமாகச் சொல்வேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அவர் யாரென்று தெரிந்துகொண்டால்தான் போனது எவ்வளவு பெரிய விரல் என்று புரியும்.

1928இல் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் ஷாங்காய்க்குத் திரும்பிவிட்டது. அந்தக் கால ஷாங்காய் ஒரு விசித்திரமான ஊர். வெள்ளைக்காரர்கள் நடத்திய முனிசிபல் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று அங்கே இருந்தது, அதை நடத்தியவர் மாரியோ பாச்சி என்ற இத்தாலியர். ஹிட்லருக்குப் பயந்து கப்பலேறி வந்த யூத சங்கீதக்காரர்களும் ஊரில் நிறைய. ஜோ குவாங்ரென் சீன ஆசிரியர் டிங் ஷான்டேயிடமும் கற்றார், பாச்சியிடமும் கற்றார், ஆல்ஃபிரட் விட்டன்பெர்க் என்ற அகதி வாத்தியாரிடமும் கற்றார். மகள் சங்கீதத்தைத் தொழிலாக எடுப்பதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. பெண் விடவில்லை. சின்ன வயதிலேயே தானும் பியானோ சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டே படித்தார். அதாவது மேடைக்காரி பின்னாளில் வாத்தியார் ஆன கதை இல்லை இது, ஆரம்பத்திலிருந்தே வாத்தியார்.

1951இல் கிழக்கு பெர்லினில் நடந்த உலக இளைஞர் விழாவில் பியானோ போட்டியில் மூன்றாம் பரிசு. வெளிநாட்டுப் பியானோ போட்டியில் சீனர் ஒருவர் பரிசு வாங்கியது அதுதான் முதல் தடவை. 1956இல் அதே பெர்லினில் ஷூமான் பெயரில் நடந்த போட்டியிலும் பரிசு. அப்புறம் மத்திய இசைக் கல்லூரியில் ஆசிரியர். அந்தக் கல்லூரி முதலில் தியான்ஜினில் இருந்தது, பின்னால் பெய்ஜிங்கிற்குப் போனது.

1966இல் கலாச்சாரப் புரட்சி வந்தது. ஷோபான், பீத்தோவன் எல்லாம் முதலாளித்துவச் சரக்கு என்றாகிவிட்டது. கல்லூரிகளில் பாடம் நின்றது. வாத்தியார்களை மாணவர்களை விட்டே அவமானப்படுத்தினார்கள், வயல் வேலைக்கு அனுப்பினார்கள். ஷாங்காயில் கு ஷெங்யிங் என்று இன்னொரு பெண் பியானோ கலைஞர், வெளிநாட்டில் பரிசு வாங்கியவர், 1967இல் அந்தக் கொடுமையில் உயிரை விட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்தத் தலைமுறையில் தப்பிப் பிழைத்தவர்கள் பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே! ஜோ குவாங்ரென் பியானோத் துறைக்குத் தலைமை ஏற்றார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். 1982இல் ஒருநாள் பெரிய பியானோ ஒன்றை நகர்த்தும்போது இவரும் கைகொடுத்தார். பியானோ சாய்ந்து வலது கையில் விழுந்துவிட்டது. விரல்கள் நசுங்கின, மோதிர விரலில் ஒரு துண்டு போய்விட்டது. ஆமாம், உனக்குப் போன அதே விரல், அதே கை.

கச்சேரிப் பியானோ ஐந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும். அதைத் தாங்குவது மூன்று கால். நேர்க்கீழே அழுத்துகிற பாரத்தைத்தான் அந்தக் கால்கள் தாங்கும், பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. உருளை சிமெண்டுத் தரையில் ஒரு விரிசலில் மாட்டிக்கொண்டது தெரியாமல் நாலு பேர் ஒரே பக்கம் தள்ளினால் காலின் மூட்டு நொடியில் விட்டுவிடும். குன்னூரில் ஒரு பழைய பங்களாவில் சமையல்காரரும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கப்போக, நான் கத்திய கத்தில் பங்களா நாயே ஓடிவிட்டது. கால் பெடலைக் கழற்று, ஒரு காலைக் கழற்று, நேர்ப்பக்கமாகப் பலகையில் சாய்த்துக் கட்டு, அப்புறம் உருட்டு. அவ்வளவுதான் முறை. அடியில் கை விடவே கூடாது. வாசிப்பவர்கள் பியானோ நகர்த்தவே வரக்கூடாது என்பது என் கட்சி. சரி, அது போகட்டும்.

அவருக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. பேராசிரியர், துறைத் தலைவர், விருப்பமிருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து காலத்தை ஓட்டியிருக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்து, ஒரு வருடத்துக்கு மேல் விரல்களை மறுபடி பழக்கி, திரும்ப மேடையில் வாசித்தார். எல்லாரும் சொல்வது இந்தப் பாகத்தைத்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. விபத்துக்கு அடுத்த வருடம், 1983இல், பெய்ஜிங்கில் சிறுவர்களுக்கென்று ஒரு பியானோ பள்ளி தொடங்கினார். பேர் ஷிங்ஹாய். 1939இல் மஞ்சள் நதிக் கூட்டிசையை எழுதிய ஷியான் ஷிங்ஹாய் என்ற இசையமைப்பாளரின் பெயர். கல்லூரியில் சேர்ந்து கலைஞராகப் போகிற மேல்தட்டுப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வழி இருந்தது. இது சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு. உன்னிடம் வருகிறார்களே, அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு. ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாத்தியார்களுக்கே பாடம் எடுத்தார். 1994இல் சீனாவின் முதல் சர்வதேசப் பியானோ போட்டி நடந்தபோது நடுவர் குழுவுக்குத் தலைவர் அவர்தான். 2022 மார்ச்சில் தொண்ணூற்று மூன்று வயதில் காலமானார்.

ஆக, நீ கேட்டதற்குப் பதில்: கிளாஸ் எடுத்தார். விரல் போன பிறகு இன்னும் கூடுதலாக எடுத்தார்.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரி இருந்தது, நாடறிந்த பேர் இருந்தது. உன்னிடம் அது இல்லை. "சீனாவில் ஒரு அம்மா முடித்துக்காட்டினார், நீயும் முடி" என்று யாராவது உன் முதுகில் தட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதே. வலி நிற்காமல் வாசிக்காதே.

பதில்: ஈரோடு பிசியோ

அக்கா, நான் கைக்கான பிசியோதெரபி செய்கிறேன். நுனி எடுத்த விரலில் நரம்பு முனை தோலுக்கு அடியிலேயே இருக்கும், அதனால்தான் சுரீர் என்கிறது. தொடாமலேயே விட்டுவைத்தால் அது குறையாது. மெத்தென்ற பொருளில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொரசொரப்புக்குப் பழக்கவேண்டும். முதலில் பஞ்சு, அது பழகியதும் வேட்டித்துணி, அப்புறம் துண்டு, அப்புறம் ஒரு கிண்ணம் அரிசிக்குள் விரலை விட்டு அசைப்பது. ஒரு தடவைக்குச் சில நிமிடம், நாளில் பல தடவை. குளிர் பட்டால் கூடுதலாக வலிக்கும், மார்கழியில் பயந்துவிடாதீர்கள்.

விரலைத் தூக்கியே வைப்பதை உடனே நிறுத்துங்கள். மணிக்கட்டு வலி அதனால்தான் வருகிறது. நுனியில் முடிச்சு மாதிரித் தட்டுப்பட்டாலோ, தட்டினால் கை முழுக்க வலி ஓடினாலோ, அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் மறுபடி காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

பதில்: குவாங்சோ போய்வருபவன்

திருப்பூர் கம்பெனிகளுக்கு ஜிப், பட்டன் வாங்க அடிக்கடி குவாங்சோ போகிறவன் நான். ட்யூனர் ஐயா சொன்ன ஷிங்ஹாய் பேரை அங்கே நிறையக் கேட்டிருக்கிறேன், அந்த ஊர் இசைக் கல்லூரிக்கே அந்தப் பேர்தான். பெர்ல் ரிவர் பியானோ கம்பெனியும் அதே ஊர்தான், 1956இல் தொடங்கியது, எண்ணிக்கையில் உலகத்திலேயே பெரிய பியானோ கம்பெனிகளில் ஒன்று. நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிரைண்டர் மாதிரி என்று சொல்ல வந்தேன், மிஸ் விரல் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

நான் தங்கும் அபார்ட்மெண்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாடி முழுக்க ஸ்கேல், அதாவது சுர வரிசை, வாசிக்கிற சத்தம்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி பேரனோடு வகுப்புக்குப் போய், வாத்தியார் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் அவனை உட்காரவைத்து வாங்குவார். பாட்டிக்கு ஒரு கட்டை வாசிக்கத் தெரியாது. ஒருநாள் பையன் தப்பாக வாசித்ததும் "அங்கே கறுப்புக் கட்டை" என்று சமையலறையிலிருந்தே சத்தம் போட்டார். வியாபாரி நான், ஆச்சரியமாக இருந்தது.

பதில்: கவுந்தப்பாடி மிஸ்

ட்யூனர் ஐயா, ரொம்ப நன்றிங்க. அவரும் மோதிர விரல் என்று படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். திருப்பூர் அண்ணா, நீங்கள் சொன்னபடியே குழுவில் எழுதிப்போட்டேன், ஆவணியில் கிளாஸ் என்று. முதலில் பதில் போட்டது ஈரோட்டில் சேர்த்த அந்த அம்மாதான், "பஸ் செலவு மிச்சம் மிஸ்" என்று. பிசியோ தம்பி, பஞ்சு ஆரம்பித்துவிட்டேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. பிள்ளைகளுக்கு ஸ்கேல் வாசித்துக் காட்டும்போது நாலாவது விரல் வரும் இடத்தில் என்ன செய்வது? நான் வேறு விரல் போட்டால் அதைப் பார்த்து அவர்களும் தப்பாகப் பழகிவிடமாட்டார்களா?

பதில்: ஆர்.எஸ்.புரம் பியானோ டீச்சர்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். கட்டைவிரலை 1, சுண்டுவிரலை 5 என்று எண்ணி, சி மேஜர் ஸ்கேலில் வலது கைக்கு 1-2-3-1-2-3-4-5 என்று போடுகிறோம். ஒரு ஆக்டேவுக்கு (கீழ் ஸ-விலிருந்து மேல் ஸ வரை மாதிரி) நாலாவது விரல், அதாவது மோதிர விரல், ஒரே ஒரு தடவைதான் வருகிறது. ஒரு ஆக்டேவோடு நிறுத்துவதென்றால் கடைசி ரெண்டு சுரத்துக்கு 4-5க்குப் பதில் 1-2 போட்டுவிடலாம், கட்டைவிரல் இன்னொரு முறை அடியில் நுழையும், அவ்வளவுதான். டிரில் (பக்கத்துப் பக்கத்து ரெண்டு சுரத்தை மாற்றி மாற்றி வேகமாக வாசிப்பது) வந்தால் 3-4 வேண்டாம், 2-3 அல்லது 1-3. முழு விரல் உள்ளவர்களே நாலாவது விரல் பலவீனம் என்று பல இடத்தில் இப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள். அந்த விரலின் தசைநாண் பக்கத்து விரல்களோடு பிணைந்திருப்பதால் தனியாகத் தூக்க யாருக்குமே சிரமம்தான்.

கார்டு, அதாவது பல கட்டைகளை ஒன்றாக அழுத்தி, வாசிக்கும்போது உங்களுக்கு மோதிர விரல் இப்போது சுண்டுவிரல் நீளத்துக்கு வந்திருக்கும். கையைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி, முழங்கையை உடம்பிலிருந்து சற்று விலக்கி வைத்துப் பாருங்கள். கட்டையின் ஓரத்தில் வாசிக்காமல் ஒரு அரை அங்குலம் உள்ளே தள்ளி வாசித்தால் குட்டை விரலும் எட்டும்.

பிள்ளைகள் தப்பாகப் பழகுவது பற்றி: விரல் எண்ணை நோட்டில் பென்சிலால் எழுதிக்கொடுங்கள், உங்கள் கையைப் பார்த்துப் பழகவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாசித்துக் காட்டவேண்டிய இடத்தில் இடது கையால் வாசித்துக் காட்டுங்கள். ராகம், தாளம், எங்கே மூச்சு விடவேண்டும் என்பதெல்லாம் இடது கையிலேயே கேட்கும். விரல் எண் மட்டும்தான் மாறும். நன்றாகப் படிக்கிற பெரிய பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுச் சின்னதுகளுக்கு வாசித்துக் காட்டச் சொல்லலாம். அந்த எட்டாவது பாப்பா எந்த கிரேடு?

பதில்: கவுந்தப்பாடி மிஸ்

கிரேடு மூன்றுங்க. இப்போதே "நான்தான் அசிஸ்டெண்ட் மிஸ்" என்று தம்பியை அடித்துக்கொண்டிருக்கிறாளாம்.

பதில்: பழைய ட்யூனர், கோயமுத்தூர்

அடிக்கவேண்டாம் என்று சொல் அம்மிணி.

பவானியில் ஒரு வீட்டில் பழைய ஆர்மோனியம் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆடி கழிந்ததும் வருவேன். அங்கிருந்து உன் ஊர் பக்கம்தானே. உன் கீபோர்டு எந்த மாடல்? கட்டையை எப்படித் தட்டினால் எவ்வளவு சத்தம் வரவேண்டும் என்று மாற்றுகிற டச் அமைப்பு அதில் இருந்தால், லேசாகத் தொட்டாலும் முழுச் சத்தம் வருகிற மாதிரி மாற்றித் தருகிறேன். ரெண்டு மூன்று மாதத்துக்கு நுனியை அழுத்தாமல் ஓட்டலாம். ஸ்டாண்டையும் பார்க்கிறேன், உயரம் கூடினால் மணிக்கட்டுக்கு ஆகாது. காபி போதும், விருந்தெல்லாம் வேண்டாம், எனக்குச் சர்க்கரை.